சின்யோராவுக்கு ஒரு மடவை மீன்

பலெர்மோவுக்கு நான் மீன் பிடிக்கப் போகவில்லை. மீன் கொண்டுபோனேன். நானே பிடித்து, நானே உப்பும் சீனியும் தடவி, ஆப்பிள் மரத் துண்டுகளின் புகையில் ஆறு மணி நேரம் வைத்து எடுத்த கோஹோ சால்மன், காற்றுப் போகாமல் அடைத்த நான்கு பொதிகள். கலியாண வீட்டுக்கும் சால்மன், செத்த வீட்டுக்கும் சால்மன் என்று என் மனைவி என்னைக் கேலி செய்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த முறை கேட்டது என் தங்கை.

ஜெசிந்தா இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறாள். சின்யோரா என்றுதான் கூப்பிடுவாள். நம் ஊரில் அம்மா என்று மரியாதைக்குக் கூப்பிடுவது போல. சின்யோராவுக்கு எண்பத்தாறு வயது. போன வசந்த காலத்தில் கணவர் இறந்த பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். வடக்கே தோரினோவில் இருக்கும் ஒரே மகன், அம்மா இன்னும் மெலிந்தால் தன் ஊருக்கு அழைத்துப்போய் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு.

சின்யோரா போனால் ஜெசிந்தாவின் வேலை ஒப்பந்தமும் போய்விடும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் மன்னாரில் இருக்கும் அவள் கணவன் யூட் இத்தாலிக்கு வருவதற்குப் போட்ட விண்ணப்பம் படுத்துவிடும். ஆறு வருடமாக இருவரும் போனிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். விண்ணப்பம் இப்போதுதான் கடைசிப் படிக்கு வந்திருக்கிறது.

"அண்ணா, நீங்கள் போனிலை காட்டின சிவப்பு மீனைப் பாத்திட்டு சின்யோரா சிரிச்சவா. அது வந்தால் சாப்பிடுவன் எண்டும் சொன்னவா. கொண்டு வாறீங்களே?" என்று ஜெசிந்தா கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. நான் லொறி ஓட்டும் பாண் கொம்பனியில், அதாவது ரொட்டித் தொழிற்சாலையில், விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோஹோ பிடிப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கனடாவின் மேற்குக் கரையில், நான் இருக்கும் சர்ரே பக்கத்தில், ஐப்பசி மழை விழுந்ததும் கோஹோ கடலிலிருந்து ஓடைகளுக்குள் ஏறும். நான் தக்கை போட்டுத்தான் பிடிப்பேன். தக்கை தூண்டில் நரம்பில் மேலும் கீழும் வழுக்கும். வேண்டிய ஆழத்தில் அதை நிறுத்த நூலால் ஒரு சிறு முடிச்சு. தக்கைக்குக் கீழே ஈயக் குண்டுகள், கடைசியில் தூண்டில் முள்ளில் மீன் சினை. முழு வித்தையும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. இரை ஓடையின் தரைக்கு ஒரு சாண் மேலே போகவேண்டும். தரையில் உரசினால் கல்லில் சிக்கும், அதிகம் மேலே போனால் மீன் ஏறெடுத்தும் பார்க்காது. தக்கை நிமிர்ந்து நீரோட்டத்தோடு போகும்போது ஒரு கணம் தயங்கினாலும் தடியைத் தூக்கிவிட வேண்டும். மீனா கல்லா என்று யோசிக்கிறவர்கள் வழியில் மீன் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிடித்த மீனை உடனே பைக்குள் போடவும் முடியாது. கையை நனைத்துக்கொண்டு, முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னஞ்சிறு துடுப்பைப் பார்க்க வேண்டும். மீன் வளர்ப்பகத்தில் பிறந்த மீனுக்குக் குஞ்சிலேயே அதை வெட்டியிருப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன், திரும்ப விட்டுவிட வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் என் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை பலெர்மோவில் இறங்கினேன். நான் வந்தேன், பெட்டி வரவில்லை. முறைப்பாட்டை எழுதிய அலுவலர் பெட்டிக்குள் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மீன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சிசிலிக்கு மீன் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் பெட்டி வீடு தேடி வரும் என்றார்.

வீடு ஒரேத்தோ வீதியில், மூன்றாம் மாடி. லிஃப்டுக்குள் நானும் என் வயிறும் ஏறியதும் இடம் முடிந்துவிட்டது. ஜெசிந்தா படியால் வந்தாள். சின்யோரா சிறிய உருவம், முத்துத் தோடு, நன்றாக வாரிய வெள்ளைத் தலை. என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "நீங்கள் என்னை மாதிரி இல்லையாம், நல்லாச் சாப்பிடுறீங்களாம்," என்று ஜெசிந்தா மொழிபெயர்த்தாள்.

மத்தியானம் எட்டுப் பேர் இருக்கக்கூடிய பெரிய மேசையின் ஒரு முனையில் சின்யோரா தனியே உட்கார்ந்தார். கோழி ரசத்தில் நட்சத்திர வடிவத்தில் சிறு பாஸ்தா. ஜெசிந்தா அவருடைய கதிரைக்குப் பின்னால், கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றாள். நானும் சுவர் ஓரமாக நின்றேன். எங்கள் வீட்டில் ஐயா சாப்பிடும்போது அம்மா அப்படித்தான் நிற்பார். பெரியவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை நாங்கள் யாரும் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்தது இல்லை. சின்யோரா நான்கு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

பிறகு நாங்கள் இருவரும் குசினிக்குள் போய்ச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். சமையலறைக்கு நாம் சொல்லும் குசினியை இங்கே கூச்சீனா என்கிறார்கள். போர்த்துக்கீசர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதைச் சிசிலியில் திரும்பவும் கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஜெசிந்தாவுக்கு வேடிக்கை பார்க்கிற மனநிலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

பெட்டி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று செவ்வாய்க்கிழமை காலையில் நானே மீன் பிடிக்கக் கிளம்பினேன். என் மீன்பிடிச் சட்டையின் பையில் தக்கைகள் எப்போதும் கிடக்கும். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துச் சீனக் கடையில் மடக்குத் தடி ஒன்றும் முள்ளும் வாங்கினேன். கடலில் தூண்டில் போட இணையத்தில் பெயர் பதிந்தால் போதுமாம். ஜெசிந்தா போனிலேயே பதிந்து தந்தாள். கனடாவில் ஒரு கோஹோ பிடிக்க நான் படிக்கும் விதிகளை அச்சடித்தால் ஒரு பாடப்புத்தகம் வரும்.

ஒரேத்தோ ஆறு கடலில் விழும் இடத்தில் படகுகள் கட்டும் ஒரு சிறு துறை இருக்கிறது. நடந்தே போய்விட்டேன். அங்கே ஏற்கெனவே நம்மவர் ஒருவர் தடியோடு நின்றார். செல்வம் என்று பெயர், நெடுந்தீவுக்காரர், நாற்பது வயதிருக்கும், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். நான் என் செம்மஞ்சள் தக்கையை நரம்பில் கோர்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உது என்ன, கப்பலுக்கு வழி காட்டுறதோ?"

"கோஹோவுக்குப் போடுறது தம்பி. கனடாவிலை."

"இஞ்சத்தை மடவை உதைக் கண்டால் துனிசியாவுக்கு ஓடிப் போயிடும்," என்றார். தன் பையிலிருந்து பேனா மூடி அளவில் ஒரு தக்கையும், கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்லிய நைலோன் தங்கூசி நூலும் எடுத்துத் தந்தார். இரை, பாணும் சீஸும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. பாண் லொறி ஓட்டுகிற எனக்கு இருபது வருடமாக அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மடவை கடிப்பது வேறு மாதிரி. கோஹோ தக்கையை ஒரே இழுவையில் கீழே கொண்டுபோகும். மடவை உதட்டால் உறிஞ்சும். தக்கை ஒரு நடுங்கு நடுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல நிற்கும். நான் தக்கை அமிழட்டும் என்று காத்திருந்து ஐந்தாறு இரையை இழந்தேன். செல்வம் இரண்டு மீனைப் பிடித்து இரண்டையும் திரும்ப விட்டார். கடைசியில் நானும் ஒன்றைப் பிடித்தேன். முழங்கை நீளம் இருக்கும்.

"உதை வீட்டை கொண்டு போகாதேங்கோ அண்ணை. இது ஆத்து வாய், ஊர்க் கழிவெல்லாம் வந்து விழுற இடம். நான் சும்மா பொழுது போக்கத்தான் வாறனான்."

செல்வம் சொன்னதை நான் கேட்கவில்லை. பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகம். மீனை வெயிலில் பையோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். ஜெசிந்தா கதவைத் திறந்து, மூக்கைச் சுளித்து, வாசலிலேயே மறித்துவிட்டாள். உள்ளேயிருந்து சின்யோராவின் குரல் கேட்டது. "வீட்டிலை ஆர் மண்ணெண்ணெய் ஊத்தினது எண்டு கேக்கிறா," என்றாள் ஜெசிந்தா. கீழே குப்பைத் தொட்டி அருகில் படுத்திருந்த பூனையிடம் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் முகர்ந்துவிட்டு எழுந்து போய்விட்டது.

புதன்கிழமை பெட்டி வந்தது. பொதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெசிந்தா நல்ல பீங்கான் தட்டில் சால்மனை மெல்லிய துண்டுகளாக அடுக்கி, எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சின்யோரா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், விழுங்கினார், துணியால் வாயைத் துடைத்தார். பிறகு மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"நல்ல வடிவான மீனாம். ஆனால் பத்தி எரிஞ்ச வீட்டைச் சாப்பிடுற மாதிரி இருக்காம்."

ஆறு மணி நேரப் புகை அது. சின்யோராவுக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அஸ்ப்ராக் கரையில் தூண்டிலில் பிடித்த மடவையை அவித்து எண்ணெய் விட்டுச் சாப்பிட்டதாகவும், அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னார். அஸ்ப்ரா பகேரியாவுக்குக் கீழே இருக்கும் கடற்கரை.

அன்று பின்னேரம் குசினியில் நானும் தங்கையும் அந்தச் சால்மனைப் பாணோடு சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அழுதாள். "நான் என்ன பிழை விடுறன் எண்டு தெரியேல்லை அண்ணா. உப்புக் கூடவோ, புளி கூடவோ எண்டால் சொல்லலாம்தானே. ஒண்டும் சொல்லுறா இல்லை. தட்டைத் தள்ளுறா." எனக்குத் தேற்றத் தெரியாது. நாளைக்கு அஸ்ப்ராவுக்குப் போறன் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை பகேரியா ரயில் பாதி வழியில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சர்ரேயில் ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஆளுக்கு ஆள் போனை எடுத்து முறைப்பாடு எழுதுவார்கள். இங்கே சாப்பாட்டை எடுத்தார்கள். எதிரில் இருந்த பெண் கடலை மாவில் பொரித்த பனெல்லேயைப் பாணுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பாணை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த இளைஞன் ஆங்கிலத்தில், "நீங்கள் எடுக்கும்வரை அவர் சாப்பிட மாட்டார்," என்றான். எடுத்தேன். அவரும் உடனே சாப்பிட்டார். நம் கடலை வடையில் இருந்து மிளகாயை எடுத்துவிட்டால் இந்த ருசிதான்.

பகேரியாவில் இறங்கினால் அஸ்ப்ராவுக்குப் பஸ் இல்லை. வரும் என்றார் ஒருவர், வந்துவிட்டுப் போய்விட்டது என்றார் இன்னொருவர். இருவரும் அதைப் பற்றி வாதாடத் தொடங்கியதும் நான் இறக்கத்தில் நடந்துவிட்டேன். கடல் தெளிவாக, கல்லெல்லாம் தெரிய இருந்தது. செல்வம் தந்த சிறு தக்கை, பாண் உருண்டை. இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. மீன்கள் இருந்தன; என் இரைக்குக் கீழே மந்தையாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆழம் பிழை. இதை ஓடையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இரை இன்னும் கீழே இறங்கட்டும் என்று முடிச்சை ஒரு சாண் மேலே தள்ளினேன், பிறகு இன்னொரு சாண். மூன்றாவது முறை தக்கை விழுந்து நிமிர்ந்ததும் ஒரு நடுங்கு நடுங்கியது. தூக்கினேன். வெள்ளியாக ஒரு மடவை, ஒன்றரைக் கிலோ குறையாது. கையை நனைத்தேன், விரல் தானாகவே முதுகில் அந்தச் சிறு துடுப்பைத் தேடிப் போனது. மடவைக்கு அந்தத் துடுப்பு பிறப்பிலேயே கிடையாது. கனடாச் சட்டப்படியும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா தன் வதிவிடப் பத்திரத்துக்காகக் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்துக்குப் போகவேண்டி இருந்தது. வரிசை நீளும், மத்தியானத்துக்கு வரமுடியாது. மீனை எப்படி அவிப்பது, முள்ளை எப்படி எடுப்பது, எவ்வளவு எண்ணெய் என்று எனக்கு மூன்று முறை சொன்னாள். "பரிமாறிப்போட்டுப் பின்னாலை நில்லுங்கோ. என்னவும் வேணுமெண்டால் கை காட்டுவா," என்றாள்.

நான் இரண்டு மீனை அவித்தேன். ஒன்றை முள் எடுத்துச் சின்யோராவின் முன் வைத்தேன். பின்னால் நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் முந்திய நாள் பகேரியாவிலிருந்து இறங்கி ஏறியதில் முழங்கால் வீங்கி இருந்தது, பசியும் பொறுக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு, மற்ற மீனையும் ஜெசிந்தா வைத்துவிட்டுப் போன சோற்றையும் கொண்டுவந்து அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். கையால் பிசைந்து சாப்பிட்டேன். சின்யோரா என் விரல்களைக் கவனமாகப் பார்த்தார். என் தாடையில் ஒட்டியிருந்த முள்ளைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். பிறகு முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

அவர் அரை மீனைச் சாப்பிட்டார். பாணைப் பிய்த்து எண்ணெயைத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் கோஹோவைப் பற்றித் தமிழில் சொன்னேன், இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரும் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் "சி, சி" என்று தலையாட்டினேன். நன்றாகப் பொழுது போனது.

ஜெசிந்தா மூன்று மணிக்கு வந்து வெறும் தட்டைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அலட்டிக்கொள்ளாதது போல நடித்தேன். மனதுக்குள் ஒரு பெரிய வீரன் ஆகியிருந்தேன். தக்கையின் ஆழம்தான் எல்லாம் என்று அவளுக்கு விளக்கினேன். நாளைக்குக் காலையில் திரும்பவும் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு மீன் பிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றும் சொன்னேன்.

சனிக்கிழமை காற்று மாறிவிட்டது. அலை கரையில் நின்ற கார்கள்மேல் தெறித்தது. தக்கை எங்கே என்று பார்க்கவே முடியவில்லை, வெறுங்கையோடு திரும்பினேன். மிச்சம் இருந்தது குளிர்பெட்டியில் வைத்திருந்த மூன்றாவது மடவை மட்டும். மத்தியானம் ஜெசிந்தா அதை என்னைவிட நன்றாகச் சமைத்து, பரிமாறி, கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். சின்யோரா தட்டைப் பார்த்தார். இரண்டு வாய் எடுத்தார். தள்ளிவிட்டார்.

எனக்குக் கோபமே வந்தது. "நேற்று இதே மீனைத்தானே சாப்பிட்டவா. கேள், என்ன குறை எண்டு," என்றேன். ஜெசிந்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள். சின்யோரா திரும்பிப் பார்க்காமலே பேசினார். ஜெசிந்தா மொழிபெயர்க்க மறந்து நின்றாள். நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"நேத்து நீங்கள் தன்னோடை இருந்து சாப்பிட்டனீங்கள் எண்டு சொல்லுறா. நான் பின்னாலை நிண்டால், எப்ப இவள் முடிப்பாள், எப்ப தட்டைக் கழுவலாம் எண்டு நான் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்காம். தன்ரை மனிசன் இருக்கேக்கை அவர் எதிரிலை இருந்தவர், அதாலை தெரியேல்லையாம். தன்ரை மேசையிலை சாப்பிட எனக்கு அருவருப்பு எண்டு நினைச்சவாவாம்."

ஜெசிந்தா அழவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தது. அவள் ஆறு வருடம் நின்றது மரியாதைக்கு. அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. நானும் முதல் நாள் சுவர் ஓரமாக நின்றவன்தான். அவள் இத்தாலி மொழியில் மெல்ல விளக்கினாள். சின்யோரா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். ஜெசிந்தா நுனியில் உட்கார்ந்தாள். அதற்குள் மீன் ஆறிவிட்டது.

"நாளைக்கும் இப்பிடி இரு," என்றேன் குசினியில்.

"நாளைக்கு மகன் வாறார் அண்ணா. அவர்தான் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கிறவர். வேலைக்கு வந்தவள் எங்கடை மேசையிலை குந்தியிருக்கிறாள் எண்டு நினைச்சால்? யூட்டின்ரை பேப்பர் எல்லாம் அந்தக் கையெழுத்திலைதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகன் வந்தார். அறுபது வயது, உயரம், நல்ல மேலங்கி. என்னிடம் ஆங்கிலத்தில் கனடாவின் குளிரைப் பற்றிக் கேட்டார். தாயைக் குளியலறைக்கு அழைத்துப்போய் எடை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். மடவை இல்லாததால் ஜெசிந்தா சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மத்தி மீனைப் பொரித்து வைத்திருந்தாள். ஊரில் நாங்கள் சூடை என்போம். மேசையில் நான்கு தட்டு வைக்கச் சொன்னவர் சின்யோரா. தாயும் மகனும் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். ஜெசிந்தா பரிமாறிவிட்டுக் கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். நான் கண்ணால் கூப்பிட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்யோரா முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. மகன் ஒரு மீனைச் சாப்பிட்டார், இரண்டாவதைச் சாப்பிட்டார், பிறகு தன் கரண்டியை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். எனக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் தோரினோ என்ற பெயர் இரண்டு முறை வந்தது. நான்கு மாதமாக இதுதான் நடக்கிறது, இனிமேல் பேச ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதாக ஜெசிந்தா பிறகு சொன்னாள். சின்யோரா பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். அங்கே நான்காவது தட்டு வெறுமையாகவே இருந்தது.

ஜெசிந்தா கதிரையை இழுத்தாள். அது தரையில் பெரிதாகச் சத்தம் போட்டது. உட்கார்ந்தாள். மீன் தட்டிலிருந்து ஒரு சூடையை எடுத்துத் தன் தட்டில் போட்டு, கரண்டியைத் தேடாமல், விரலால் பிய்த்து வாயில் வைத்தாள். சின்யோரா அவள் ஒரு வாய் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ஒரு மீனை எடுத்தார். அதை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

மகன் பேசுவதை நிறுத்திவிட்டார். தாயின் தட்டையும் என் தங்கையின் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னார். உப்பு கேட்கிறார் என்று எனக்கே விளங்கியது.

ஜெசிந்தா உடனே எழும்பப் போனாள். சின்யோரா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். உனக்குக் கால் இருக்கிறது, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அதன் அர்த்தம் என்று ஜெசிந்தா பிறகு சொன்னாள்.

மகன் எழுந்து குசினிக்குப் போனார். எந்த அலுமாரியில் உப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுவது கேட்டது. சின்யோராவின் கை ஜெசிந்தாவின் மணிக்கட்டை விடவில்லை.

அவர் உப்புடன் வந்து உட்கார்ந்தார். தன் மீனுக்குத் தூவினார், பாத்திரத்தை மேசை நடுவில் வைத்தார். பிறகு போனை எடுத்து, ஒப்பந்தத்தை எந்தத் திகதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று என் தங்கையிடம் கேட்டார்.

ஜெசிந்தா உட்கார்ந்தபடியே, வாயில் மீனோடு, திகதியைச் சொன்னாள்.